முப்பது பிள்ளைகளை ஆடவைக்கும் கலை: நடன ஆசிரிய மாணவர்களுக்கான ஒரு பாடநெறியின் நிகழ்வு ஆய்வு

கிழக்கிலங்கையில் தமிழ்மொழி மூல நடன ஆசிரியர்களைப் பயிற்றும் ஒரு நிறுவனத்தில் 'நடன ஆக்கம்' என்றொரு பாடநெறி உண்டு. அதைக் கற்றற் பேறுகளின், அதாவது மாணவர் இறுதியில் செய்துகாட்டவேண்டியவற்றின், அடிப்படையில் திருத்தியமைத்த குழுவில் நானும் இருந்தேன். என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம், வகுப்பறையில் அது எப்படி நடந்தது, எங்கே இன்னும் இடறுகிறது என்பதை இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரும் மாணவர்களின் பெயர்களும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன.

பின்னணி

இலங்கைப் பாடசாலைகளில் தரம் 6 முதல் 9 வரை ஒவ்வொரு பிள்ளையும் ஓர் அழகியல் பாடத்தைப் படிக்கவேண்டும். சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்பவற்றில் ஒன்று. ஆகவே நடன வகுப்பில் இருப்பவர்கள் எல்லாரும் ஆடப் பழகிவந்த பிள்ளைகள் அல்லர். சிநேகிதி எடுத்தாள் என்பதற்காக எடுத்தவர், பாடசாலையில் வேறு அழகியல் ஆசிரியர் இல்லாததால் வந்தவர், பின்வாங்கில் இருந்து எழும்பவே கூச்சப்படும் பொடியன் என்று எல்லா விதமும் கலந்திருக்கும்.

2007இல் வந்த சீர்திருத்தத்தோடு பாடவிதானம் தேர்ச்சி மையமானது. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளில் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற் பேறு என்ற வரிசை இன்று எல்லா ஆசிரியருக்கும் பழக்கமான ஒன்று. பிள்ளை கண்டறிந்து, விரித்து, தானே ஆக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் இருக்கிறது. ஆனால் அந்த ஆசிரியரை உருவாக்கும் இடத்தில் நடன ஆக்கம் எப்படிக் கற்பிக்கப்பட்டது என்று பார்த்தால், அது வேறொரு உலகமாக இருந்தது.

எங்களிடம் வரும் ஆசிரிய மாணவர்கள் நன்றாக ஆடுபவர்கள். க.பொ.த. உயர்தரத்தில் நடனம் எடுத்தவர்கள். பலர் வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளில் படிப்படியாகத் தேறியவர்கள். கலாவித்தகர் பட்டத்தோடு வருபவர்களும் உண்டு. பழைய பாடநெறியில் அவர்கள் செய்யவேண்டியது இதுதான்: ஒரு பாடலைத் தெரிவுசெய்து, சக மாணவர்களைச் சேர்த்து, ஒரு குழு நடனத்தை அமைத்து, தவணை முடிவில் ஆடை அணிகலனோடு மேடையில் அளிப்பது. அடவு சுத்தம் (பரதத்தின் அடிப்படை ஆட்ட அலகுகளின் நேர்த்தி), தாளம், பாவம், மேடை அமைப்பு, ஆடை அலங்காரம் என்று புள்ளி பிரிந்தது. நிகழ்வுகள் பார்க்க அழகாகவும் இருந்தன, பெற்றோரும் மகிழ்ந்தார்கள்.

சிக்கல் தெரிந்தது கற்பித்தற் பயிற்சியில்தான். தரம் 7 வகுப்பொன்றை அவதானிக்கப் போயிருந்தேன். ஒரு பாடவேளை 40 நிமிடம். மேசை கதிரைகளைச் சுவரோடு தள்ளவே அதில் கொஞ்சம் போய்விட்டது. ஆசிரிய மாணவி மிக நேர்த்தியாக அரைமண்டியில் (முழங்கால்களை வெளிப்புறமாக மடித்து நிற்கும் நிலையில்) நின்று முதலாம் தட்டடவை ஆடிக் காட்டினார். பிள்ளைகள் பார்த்து ஆடினார்கள். "தையா தை" மூன்று காலத்திலும் (வேகத்திலும்) போனது. பிறகு, "இனி நீங்களே குழுவாகச் சேர்ந்து ஒன்று செய்யுங்கோ" என்றார். வகுப்பு அப்படியே நின்றது. தனியார் வகுப்புக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த ஜதியொன்றை ஆடினார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மௌனம் தாங்காமல் ஆசிரிய மாணவி தானே ஒன்றை அமைத்துக் கொடுத்தார். மணி அடித்தது.

அந்த மாணவியை இதற்குக் குறைசொல்ல இடமில்லை. நன்றாக ஆடத் தெரிந்த, சொன்னதை உடனே பிடிக்கக்கூடிய சகபாடிகளை வைத்து நடனம் அமைப்பதற்குத்தான் அவர் பயிற்றப்பட்டிருந்தார். ஆடப் பழகாத முப்பது முப்பத்தைந்து பிள்ளைகளிடமிருந்து ஒரு நடனத்தை வெளியே கொண்டுவருவது வேறொரு ஆற்றல். அது பாடநெறியின் எந்த மூலையிலும் இருக்கவில்லை.

பின்னாலிருந்து முன்னுக்கு

பேறு சார் கல்வியைப் பற்றிப் பேசும்போது அமெரிக்கக் கல்வியியலாளர் வில்லியம் ஸ்பேடியைத்தான் முதலில் சொல்வார்கள். மாணவர் இறுதியில் எதைச் செய்துகாட்டவேண்டுமோ அதிலிருந்து தொடங்கிப் பாடத்தைப் பின்னோக்கி அமை என்பது அவர் வாதத்தின் சாரம். ஜோன் பிக்ஸ் இன்னொன்றைச் சேர்த்தார். பேறு, கற்றற் செயற்பாடு, கணிப்பீடு மூன்றும் ஒரே திசையில் இழுக்கவேண்டும், ஒன்று வேறு பக்கம் இழுத்தால் மாணவர் கணிப்பீட்டின் பின்னால்தான் போவார் என்றார். எங்கள் பழைய பாடநெறியில் நடந்ததும் அதுதான். 'பாடசாலை மட்டத்தில் நடனம் அமைக்கும் ஆற்றல்' என்று பாடத்திட்டத்தில் ஒரு வரி இருந்தது. புள்ளியோ மேடைக்கும் ஆடைக்கும் போனது. மாணவர்கள் தையற்காரரிடம் போய்வந்த நேரம், பாடசாலைப் பிள்ளைகளோடு இருந்த நேரத்தைவிட அதிகம்.

எனக்கு மிகவும் பயன்பட்டது எலிசபெத் சிம்சன் 1972இல் முன்வைத்த உள இயக்க ஆட்சிப் பிரிவு. உடலால் கற்பதை அவர் ஏழு படிகளாகப் பிரித்தார்: புலனால் அறிதல், ஆயத்தமாதல், வழிகாட்டலோடு செய்தல், பழக்கமாதல், சிக்கலானதைத் தடையின்றிச் செய்தல், சூழலுக்கேற்ப மாற்றுதல், புதிதாக ஆக்குதல். பரதப் பயிற்சியை இதன்மேல் வைத்துப் பாருங்கள். முதல் ஐந்து படிகளில் எங்கள் பயிற்சிமுறை உலகத்தின் எந்தப் பயிற்சிமுறைக்கும் குறைந்ததல்ல. குரு ஆடுவார், சிஷ்யை பார்த்து ஆடுவார், குரு திருத்துவார், மூன்று காலத்தில் மெருகேறும். ஏழாவது படியை, அதாவது ஆக்கத்தை, ஆட்டத்தைப் பழக்கித் தாளத்தோடு நடத்தும் குருவான நட்டுவனார் தன் வசம் வைத்திருந்தார். பரதத்தின் இன்றைய கச்சேரிமுறையை வகுத்த தஞ்சை நால்வர் காலத்திலிருந்து நட்டுவாங்கம் செய்பவரே அடவுக் கோர்வையை அமைப்பவர். பல வருடம் கூடவே இருந்து, கேட்டு, தாளம் தட்டும் தட்டுக்கழி பிடித்து, ஒரு நாள் அந்த இடத்துக்கு வருவார்கள். ஒரு தவணைப் பாடநெறியில் அந்த வருடங்கள் கிடையாது. நாங்களோ ஐந்தாம் படியில் நிற்கும் மாணவியை நேராக ஏழாம் படிக்குத் தாவச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

விடுபட்டது ஆறாம் படி. திருத்திய பாடநெறியின் பெரும்பகுதியை அங்கேதான் செலவிட்டோம்.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 மணிநேர உழைப்பு. எங்களுடையது மூன்று கிரெடிட் பாடநெறி, ஆக 150 மணிநேரம். வகுப்பு, ஒத்திகை, பாடசாலையில் செலவிடும் நேரம், குறிப்பெழுதுவது எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதே ஆடை அலங்காரமும் ஒளியமைப்பும் வெளியே போய்விட்டன. பேறுகள் நான்கு மட்டும் எழுதினோம்.

பிள்ளைகளின் சூழலிலிருந்து ஒரு கருவை எடுத்து, கேள்விகளாலும் செயற்பாடுகளாலும் அவர்களிடமிருந்தே அசைவுகளைப் பெற்று ஒரு சிறு நடனமாக்குவது முதலாவது. தெரிந்த ஓர் அடவுத் தொடரை வெவ்வேறு ஆற்றலுள்ள பிள்ளைகளுக்கேற்ப மாற்றியமைப்பது இரண்டாவது. உருவான நடனத்தை, இன்னொரு ஆசிரியர் வாசித்துக் கற்பிக்கக்கூடிய விதத்தில் சொற்கட்டு, தாளக் கணக்கு, தரைப்படம் மூன்றோடும் பதிவுசெய்வது மூன்றாவது. பிறரின் ஆக்கத்தைப் பார்த்து, கண்டதை முதலிலும் கருத்தைப் பிறகும் சொல்வது நான்காவது.

நான்காவதற்கு அமெரிக்க நடன ஆக்குநர் லிஸ் லேர்மனின் முறையைத் தழுவினோம். பார்த்தவர்கள் தங்கள் மனதில் பதிந்ததைச் சொல்வார்கள், ஆக்கியவர் கேள்வி கேட்பார், பார்த்தவர்கள் கருத்தைத் திணிக்காத கேள்விகளைக் கேட்பார்கள், கடைசியில் ஆக்கியவர் சம்மதித்தால் மட்டும் கருத்து. எங்கள் மாணவர்களுக்கு இது தொடக்கத்தில் கடினமாக இருந்தது. ஒருவர் ஆடி முடித்தவுடன் "கை சரியா நீளவில்லை" என்று திருத்துவதில்தான் அவர்களுடைய கண் பழகியிருந்தது.

ஓர் அடவு, பல முகம்

ஆறாம் படிக்கான பயிற்சிகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த நாட்டடவு ஒன்று, "தையும் தத்த தையும் தா". அதைக் குழுக்களுக்குக் கொடுத்து, அசைவுக் கோட்பாட்டாளர் ருடொல்ஃப் லாபனின் பகுப்பை ஒட்டி நான்கு கேள்விகள் கேட்போம். உடலில் எது ஆடுகிறது? எந்த வெளியில்? எந்த வேகத்திலும் விசையிலும்? யாரோடு? முதற் குழு கால்களை நிறுத்திவிட்டுக் கையால் மட்டும் ஆடும். இரண்டாவது குழு தரையில் இருந்தபடி ஆடும். மூன்றாவது, அதே அடவை ஒருவர் தொடங்க மற்றவர் முடிக்கும்படி பங்கிடும். நான்காவது குழுவுக்கு ஒரு நிபந்தனை: அரைமண்டி இருக்கமுடியாத, முழங்கால் நோவுள்ள ஒரு பிள்ளை குழுவில் இருக்கிறது, அந்தப் பிள்ளை ஒதுக்கப்படாமல் ஆடவேண்டும்.

அப்புறம் கணக்கு. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதிதாளத்தில் இரண்டு ஆவர்த்தனம் (சுற்று), அட்சரத்துக்கு (எண்ணிக்கைக்கு) ஒன்றாக 16. அதை 4 நான்குகளாகப் பிரிப்பது எல்லாருக்கும் கையில் வரும். 5, 5, 6 என்று பிரித்தால் என்ன ஆகும்? 7, 9 என்றால்? இதை நாங்கள் தாளிலே எழுதவிடுவதில்லை. நடந்து, திரும்பி, நின்று கண்டுபிடிக்கச் சொல்வோம். 7, 9 என்று நடந்தபோது குழுவின் பாதிப்பேர் திரும்பும் இடமும் மறுபாதி திரும்பும் இடமும் தள்ளிப்போய், தரையில் தானாகவே ஒரு வடிவம் வந்தது. ஒரு மாணவி நின்று, "இதை யாரும் அமைக்கவில்லை, ஆனா அமைஞ்சிருக்கு" என்றார். பிள்ளைகளோடு ஆக்கும்போது ஆசிரியர் அடையாளம் காணவேண்டிய கணம் அதுதான்.

அண்ணாவியாரிடம் கற்றது

இந்தப் பாடநெறிக்கு வெளிநாட்டுக் கோட்பாடுகள் மட்டும் போதாது என்பது என் உறுதியான எண்ணம். ஆடப் பழகாதவர்களை ஆடவைக்கும் கலை மட்டக்களப்பில் காலங்காலமாக இருக்கிறது. வடமோடி, தென்மோடி என்ற இரு மரபுக் கூத்துகளையும் பழக்கும் அண்ணாவியார் யாரை ஆடவைக்கிறார்? வயலில் வேலைசெய்பவர், வாவியில் மீன்பிடிப்பவர், கடை வைத்திருப்பவர். சட்டம் கொடுத்து (பாத்திரத்துக்குரிய ஏட்டுப் பகுதியை வழங்கி), மாதக்கணக்கில் பழக்கி, சதங்கை அணிவித்து, அடுக்குப் பார்த்து (முழு ஒத்திகை நடத்தி), கடைசியில் அரங்கேற்றம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஊர் கூடிநின்று பார்க்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஆட்டக்காரர் வட்டக்களரியில் (வட்டமான ஆடுகளத்தில்) விடியவிடியப் பாத்திரத்தைத் தாங்குகிறாரா என்பதே அண்ணாவியாருக்கான கணிப்பீடு. அவர் எவ்வளவு அழகாக ஆடுவார் என்று எவரும் புள்ளியிடுவதில்லை.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை நவீன மேடைக்கேற்பச் சுருக்கிச் செம்மைப்படுத்தியபோது, ஆடியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். பழக்கியவர்கள் கிராமத்து அண்ணாவிமார். அந்த முன்மாதிரியை வைத்து, ஓர் அண்ணாவியாரை வளவாளராக அழைத்தோம். எங்கள் மாணவர்களில் கூத்தே ஆடியிராதவர்களை அவர் பழக்கும் விதத்தை மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். அவர் திருத்தவே அவசரப்படவில்லை. மத்தளத்தைத் தட்டித் தாளத்தை முதலில் வாயில் ஏற்றினார், பிறகு நடையில், அதன்பிறகுதான் ஆட்டத்தில். ஒருவர் தப்பாக வைத்த காலைப் பார்த்துவிட்டு, அதே காலில் தொடங்கும்படி வரவாட்டத்தை (பாத்திரம் களரிக்கு வரும்போது ஆடும் ஆட்டத்தை) அவருக்கு மாற்றிக் கொடுத்தார். சிம்சன் சொன்ன ஆறாம் படியை எங்கள் கண்முன்னாலே ஒருவர் செய்துகாட்டினார்.

வலை

இறுதிக் கணிப்பீடு பாடசாலையில் நடக்கும். ஆசிரிய மாணவர் ஒரு வகுப்போடு சில பாடவேளைகள் வேலைசெய்து, பிள்ளைகள் ஆடும் ஒரு சிறு நடனத்தை உருவாக்கவேண்டும். முக்கியமான விதி, இறுதி ஆற்றுகையில் ஆசிரியர் ஆடக்கூடாது, முன்னால் நின்று காட்டவும் கூடாது.

வாவிக்கரைப் பாடசாலையொன்றில் தரம் 8 வகுப்பை எடுத்த மாணவியின் வேலையை எடுத்துக்கொள்கிறேன். கரு, மீன்பிடி. அவர் முதலில் தானே ஒரு வீச்சுவலை அசைவை அமைத்துக்கொண்டு போயிருந்தார். ஆதிதாளத்தில், எட்டு எண்ணிக்கையில், மேடையில் பார்த்துப் பழகிய அழகான அசைவு. ஒரு பொடியன் எழும்பி, "டீச்சர், அப்பா இப்படி வீசமாட்டார். இடுப்பத் திருப்பித்தான் வீசுவார்" என்றான். மாணவி அவனைச் செய்துகாட்டச் சொன்னார். வலையைத் தோளில் போட்டு, முழங்கையில் கொஞ்சம் பிடித்து, உடம்பை ஒருமுறை பின்னுக்கு முறுக்கி, விட்டான். பிறகு குனிந்து மெதுவாக இழுத்தான். அவன் நடனம் என்று நினைத்துச் செய்யவில்லை. வகுப்பே எழும்பி அதைச் செய்தது, பின்வாங்குப் பொடியன்கள் உட்பட.

மாணவி எண்ணிப்பார்த்தார். முறுக்கி விட மூன்று, இழுக்க நான்கு. எட்டு வரவில்லை. முந்தைய பாடநெறியில் படித்த ஒருவர் இழுப்பை நீட்டி எட்டாக்கியிருப்பார், அதில் பிழை என்று சொல்லவும் முடியாது. இவர் அசைவை மாற்றவில்லை, தாளத்தை மாற்றினார். "தகிட தகதிமி" என்று சொல்லிக்கொடுத்து, ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவில் பிள்ளைகளையே தட்டவைத்தார். மிஸ்ரம் என்ற சொல்லைக் கடைசிப் பாடவேளையில்தான் சொன்னார். அதற்குள் அது அவர்களுடைய இடுப்பில் இருந்தது. பிறகு எட்டுப் பிள்ளைகள் வட்டமாகக் கைகோத்து வலையானார்கள், மற்றவர்கள் மீன். வலை சுருங்கும்போது யார் தப்புவது என்பதில் சண்டை வந்தது, அந்தச் சண்டையையும் தாளத்துக்குள் கொண்டுவந்தார்.

அந்த ஆற்றுகையில் நாட்டடவு ஓரிடத்தில் மட்டும் வந்தது. அரைமண்டி பலருக்கு முழுதாக இருக்கவில்லை. ஆனால் வகுப்பில் ஒருவர்கூட ஓரமாக நிற்கவில்லை. முதலாம் பேற்றுக்கான எங்கள் அளவுகோலின் மேல்மட்டம் இப்படி எழுதப்பட்டிருந்தது: 'நடனத்தின் முக்கிய அசைவுகள் பிள்ளைகளிடமிருந்து வந்தவை. அவை எந்தப் பிள்ளையிடமிருந்து, எந்தக் கேள்வியால் வந்தன என்று ஆசிரியரால் காட்டமுடியும்.' கீழ்மட்டம்: 'அசைவுகள் ஆசிரியருடையவை, பிள்ளைகள் சரியாகத் திருப்பிச் செய்கிறார்கள்.' பழைய முறையில் இந்தக் கீழ்மட்டம்தான் அதிக புள்ளி பெற்ற இடம்.

எதிர்ப்பும் அதிலுள்ள நியாயமும்

மூத்த விரிவுரையாளர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். அடவு சுத்தம் போய்விடும், பரதம் உடற்பயிற்சி வகுப்பாகிவிடும் என்பது அவர்கள் கவலை. அதைப் பழமைவாதம் என்று ஒதுக்கக்கூடாது. தானே சுத்தமாக ஆடத் தெரியாத ஆசிரியரால் பிள்ளையின் உடம்பில் முளைக்கும் நல்ல அசைவை அடையாளம் காணவே முடியாது. வலையை ஏழாக எண்ணிய மாணவிக்கு மிஸ்ரம் ஏற்கெனவே காலில் இருந்ததால்தான் அது கேட்டது. ஆகவே ஒரு நிபந்தனை வைத்தோம். அடவுத் தேர்ச்சி வேறொரு பாடநெறியில் தனியாகச் சோதிக்கப்படும், அதில் தேறியவரே இதற்கு வரலாம். இதற்குள் அதற்குப் புள்ளி கிடையாது. இரண்டையும் ஒரே புள்ளித்தாளில் கலந்ததால்தான் முன்பு மேடை எல்லாவற்றையும் விழுங்கியது.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் சிலர் இந்தக் கணிப்பீட்டில் திணறினார்கள். பிள்ளைகள் ஒரு கணம் தயங்கினால் போதும், இவர்களுடைய கை தானாக எழுந்து ஆடிக் காட்டிவிடும். அவர்களுக்காக ஒரு பயிற்சி சேர்த்தோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொல்லாலும் தட்டுக்கழியாலும் மட்டும் ஒரு பாடவேளையை நடத்துவது. சாதாரணமாக ஆடுபவர்கள் சிலர் அதில் முன்னுக்கு வந்ததையும் பார்த்தோம்.

இன்னும் தீராதவை

புள்ளியிடுவதில் ஒற்றுமை இன்னும் கைகூடவில்லை. இரண்டு விரிவுரையாளர்கள் ஒரே காணொளியைத் தனித்தனியே பார்த்துப் புள்ளியிட்டு, வேறுபட்டால் உட்கார்ந்து பேசுகிறோம். வெளிவாரிப் பரீட்சகர் வரும்போது பேச்சு நீளுகிறது, ஏனென்றால் அவர் கண் முதலில் போவது அரைமண்டிக்கு.

பாடசாலைகளின் தேவை இன்னொன்று. நடன ஆசிரியர் வந்துவிட்டார் என்றால் அதிபருக்கு வாணி விழாவுக்கு ஒரு நடனம் வேண்டும், ஒளி விழாவுக்கு ஒன்று, பரிசளிப்பு விழாவுக்கு ஒன்று, தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பரிசு வாங்கக்கூடிய ஒன்று. இது நியாயமான எதிர்பார்ப்புத்தான், பிள்ளைகளுக்கும் மேடை வேண்டும். வகுப்பறையில் பிறந்த சிறு நடனத்தை விழாவுக்கேற்ப நீட்டி அளிக்க எங்கள் மாணவர்களைத் தூண்டுகிறோம். சில அதிபர்கள் ஏற்றார்கள், சிலர் இறுவட்டுப் பாட்டுக்கு ஆடுவதையே கேட்டார்கள். போட்டியில் நடுவர்கள் தேடுவது நேர்த்தியை, அங்கே எங்கள் பாடநெறி மாணவருக்குப் பெரிதாகக் கைகொடுப்பதில்லை.

அபிநயம்தான் பெரிய இடைவெளி. இதுவரை செய்ததெல்லாம் நிருத்தத்தோடும் (பொருள் சுட்டாத தூய ஆட்டத்தோடும்) சூழல் அசைவுகளோடும் நின்றுவிட்டது. பதம் என்ற அபிநயப் பாடலின் வரியைப் பிள்ளைகளோடு சேர்ந்து எப்படி விரிப்பது, சஞ்சாரியை (ஒரே வரியைப் பல விதமாக விரித்துக் காட்டும் அபிநயத்தை) அவர்களே கண்டுபிடிக்க என்ன கேள்வி கேட்பது என்பதற்கு நாங்கள் இன்னும் செயற்பாடு எழுதவில்லை. முத்திரையைக் கொடுத்து அர்த்தம் சொல்வதற்குப் பதிலாக, அர்த்தத்தைக் கொடுத்துக் கையைத் தேடவிட்டு, பிறகு மரபு முத்திரையை அறிமுகப்படுத்திப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. அடுத்த தொகுதி மாணவர்களோடு அதைத் தரம் 6இல் தொடங்குகிறோம். கரு, பிள்ளைகள் வீட்டில் கேட்டு வளர்ந்த தாலாட்டுகள்.